கருந்திரை மாமா

மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டுகிறவர்கள் இணையக் கேபிளை அறுத்துவிட்டால் தெருவெல்லாம் புலம்பும். கருந்திரை மாமா மட்டும் குளித்து, விபூதி பூசி, பீரோவிலிருந்து பழைய டாங்கிளை இறக்குவார்.

லினக்ஸில் ஓரத்து ஐகானைச் சொடுக்கினாலே வேலை முடியும். அந்த ஐகானுக்குப் பின்னால் இருக்கும் நெட்வொர்க்மேனேஜரை அவர் என்றைக்கோ நிறுத்திவிட்டார். "நமக்குத் தெரியாம என்னென்னவோ செய்யுதுப்பா."

டெர்மினல் என்கிற கருந்திரை திறக்கும். டாங்கிளோ தன்னை மோடம் என்று ஒப்புக்கொள்ளாது. விண்டோஸ் டிரைவரைச் சுமந்த சிடி டிரைவாகவே உட்கார்ந்திருக்கும். யூஎஸ்பி மோட்ஸ்விட்சை ஏவித்தான் வேஷத்தைக் கலைக்க வேண்டும். இதில் மாமாவுக்குச் சலிப்பே கிடையாது. வீட்டு மிக்ஸி ஓடாவிட்டால் இந்தப் பொறுமையில் கால்வாசி காட்டுவாரா என்பது வேறு விஷயம்.

அப்புறம் ஏ.டி. கட்டளைகள். 1981இல் ஹேய்ஸ் கம்பெனி தன் ஸ்மார்ட்மோடத்துக்கு வைத்த பாஷை 4ஜி டாங்கிளுக்கும் புரிகிறது என்பதில், தானே சொல்லிக்கொடுத்த மாதிரி அவருக்குப் பெருமை. சிக்னல் எவ்வளவு என்று கேட்டால் 31க்கு இத்தனை என்று மார்க் வரும்.

"மாமா, தொண்ணூத்தொம்பது!" என்று ஒருநாள் குதித்தான் அக்கா மகன்.

மாமா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "99ன்னா தனக்கே தெரியலைன்னு அர்த்தம்டா."

இந்தக் கருந்திரை மார்க்கத்தில் உட்பிரிவுகள் உண்டு. எம்எம்சிஎல்ஐ கட்டளையில் ஒரே வரியில் இணைத்துக்கொள்கிறவர்கள் லௌகீகர்கள். கியூஎம்ஐசிஎல்ஐயில் ஐபி முகவரியைக் கேட்டு வாங்கி, அதைத் தம் கையாலேயே டபிள்யூவான்0க்குச் சூட்டுகிறவர்கள்தான் வைதிகர்கள். மாமா எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு சிம்முக்கும் உரிய ஏ.பி.என். எல்லாம் தலைகீழ்ப் பாடம்: ஏர்டெல்ஜிபிஆர்எஸ்.காம், பிஎஸ்என்எல்நெட், ஜியோநெட். கல்யாண வீட்டில் புது மாப்பிள்ளையிடம் உத்தியோகம் விசாரிக்க மாட்டார். என்ன சிம் என்றுதான் கேட்பார்.

இத்தனைக்கும் இணையத்தில் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. பிங்குக்குப் பதில் வந்ததும் லேப்டாப்பை மூடிவிட்டுக் காபி கேட்பார்.

போன மாதம் அத்தைக்குத் திருநெல்வேலி போக ஏசி தத்கால் தேவைப்பட்டது. 10 மணிக்குத் திறந்துவிடும். ஒன்பதே முக்காலுக்கு மாமா கூவினார்: "8.8.8.8 பதில் சொல்லுது! ஒரு பாக்கெட்கூடத் தவறலை!"

"ரயில்வே பக்கம் வருதாங்க?"

வரவில்லை. எண்ணைச் சொன்னால் போகிறது, பெயரைச் சொன்னால் விழிக்கிறது. ரிசால்வ்.கான்ஃபில் டிஎன்எஸ் முகவரி எழுதவில்லை. சூடோ போட்டார், கடவுச்சொல் தப்பு. மறுபடி போட்டார். கோப்பைத் திறந்தார். அதற்குள் மணி பத்தேகால்.

"டிக்கெட் கிடைச்சாச்சு, கீழ் பெர்த்து" என்று போனும் கையுமாக அடுக்களையிலிருந்து வந்தாள் அத்தை.

மாமா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "அதுல ஏ.பி.என். என்னன்னு பாத்தியா?"