பெயர் மாறிய படலம்

இஸ்லாத்துக்கு வந்து கலிமா சொன்ன கையோடு எல்லாரும் தொழுகக் கற்றுக்கொள்வார்கள். நான் பெயர் தேடப் போனேன். சின்னதாக ஒன்று வைத்துக்கொண்டிருக்கலாம். ஆசை யாரை விட்டது? முகம்மது அப்துர் ரஹ்மான் ஸித்தீக் ஆனேன். வங்கிப் படிவத்தில் 'ஸித்தீக்' வருவதற்குள் கட்டங்கள் தீர்ந்துவிட்டன.

தமிழ்நாட்டில் பெயர் மாற்றத்தை எழுதுபொருள் அச்சுத் துறைதான் கெஜட்டில் வெளியிடுகிறது. மதம் மாறியவர் அதற்கான சான்றிதழையும் சேர்த்துத் தர வேண்டும். எல்லாவற்றையும் திரட்டியவன், புதுக் கையெழுத்தைப் பழக மறந்தேன். பேனாவை வைத்ததும் கை தன்பாட்டுக்குப் பழைய பெயரை எழுதித் தள்ளியது.

கெஜட் வந்ததும் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் பெருமையாக நீட்டினேன்.

"முன்னாடி என்ன பேருங்க பாய்?"

"செல்வம், ஹஜ்ரத்."

"அதுல என்ன குத்தம்? அதையே வெச்சிருக்கலாமே!"

அதற்குப் பிறகுதான் படிக்க உட்கார்ந்தேன். பெயரில் இறைவனல்லாத ஒன்றுக்கு அடிமை என்ற பொருளோ இழிவான பொருளோ இருந்தால்தான் மாற்ற வேண்டுமாம். சூரியனின் அடிமை என்று பெயர் கொண்டிருந்த நபித்தோழர் அபூஹுரைரா, அப்துர் ரஹ்மான் ஆனார். உமரும் காலிதும் பிலாலும் பழைய பெயரோடேயே இருந்தார்கள். ஹஸ்ன் என்றொருவர், பெயருக்கு முரடு என்று பொருள். ஸஹ்ல் என்று மாற்றிக்கொள்ளும்படி நபிகள் நாயகமே சொல்லியும், தகப்பனார் வைத்த பெயரை விடமாட்டேன் என்றுவிட்டார். அந்த முரட்டுத்தனம் தங்கள் குடும்பத்தை விடவே இல்லை என்று அவருடைய பேரர் பின்னாளில் சொன்னது புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. நானோ யாரும் சொல்லாமலே மாற்றிக்கொண்டவன். 2014இல் இஸ்லாத்துக்கு வந்த இசையமைப்பாளர் யுவன் சங்கர் ராஜா இன்றும் அதே பெயரில்தான் பாட்டுப் போடுகிறார்.

மாற்றிய பெயருக்காவது விசுவாசமாக இருந்தேனா? தொழுகை முடிந்து வெளியே வரும்போது "ஸித்தீக் பாய்!" என்று ஒருவர் கூப்பிட்டார். யாரோ ஸித்தீக் வருகிறார் என்று ஒதுங்கி வழிவிட்டேன்.

வீட்டில் மட்டும் வீரம் பொங்கியது. 1964இல் குத்துச்சண்டை வீரர் காசியஸ் கிளே, முகம்மது அலி ஆனார். அப்புறமும் அவரோடு மோதவிருந்த எர்னி டெரல் அவரைக் கிளே என்றே சொன்னார். 1967இல் ஹூஸ்டன் மேடையில் டெரலைக் குத்திக் குத்தி, என் பெயர் என்ன என்று கேட்டார் அலி. அதையெல்லாம் படித்த சூட்டில் இருந்தபோது அம்மா கூப்பிட்டார்: "செல்வம், சாப்பிட வாடா." நான் அசையவில்லை. இரண்டாவது தரம் கூப்பிடவும் இல்லை. சோற்றை மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். அன்று மீன் குழம்பு. அலிக்கு இந்தச் சோதனை வந்திருக்காது. நடுராத்திரியில் பாத்திரத்தை உருட்டியபோது உள்ளேயிருந்து "செல்வம், நீதானே?" என்று குரல் வந்தது. "ஆமாம்மா" என்றேன்.

இனிஷியலையும் மாற்றிவிடலாமா என்று கேட்டபோது ஹஜ்ரத்துக்குக் கோபமே வந்துவிட்டது. வளர்ப்புப் பிள்ளைகளைக்கூட அவர்களைப் பெற்ற தகப்பன் பெயரால் அழைக்கத்தான் குர்ஆன் (33:5) சொல்கிறது. பெற்ற பிள்ளை நீ ஏன் அப்பாவை அழிக்கிறாய் என்றார்.

புதிதாகக் கலிமா சொல்கிறவர்களே, கெஜட்டுக்குப் போவதற்கு முன் ஹஜ்ரத்திடம் போங்கள். மாற்றியே தீர வேண்டுமென்றால் கட்டத்துக்குள் அடங்குகிற பெயராகப் பாருங்கள். அம்மா எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் முதல் குரலுக்கே சாப்பிட எழுந்துவிடுங்கள்.