குமரிமுனை போகத்தகும் இடமா? ஓர் ஆய்வு

முழுப்பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போதே எங்கள் வீட்டில் ஒரு வினா எழும். கன்னியாகுமரிக்குப் போகத்தான் வேண்டுமா? எளிய வினா போலத் தோன்றினும் இதை இதுகாறும் எவரும் முறைப்படி ஆராயாமல் விட்டது தமிழாய்வுலகுக்குப் பெருங்குறை. கிடைக்கும் கருத்துகள் யாவும் வாய்மொழி மரபினவே. அம்மரபில் இரு பள்ளிகள் உண்டு. பெரியப்பா பள்ளியினர், "ஆயுசுல ஒரு தடவை பாத்துரணும்டா" என்பர். இப்பள்ளியின் தலைவர் சொன்ன சொல் தவறாதவர். ஒரே ஒரு தடவைதான் பார்த்தார், அதன்பின் யார் கூப்பிட்டும் போகவில்லை. சித்தப்பா பள்ளியினரோ, "என்ன இருக்கு அங்க? கடல்தானே, அதை மெரினாவுலயே பாத்துக்கலாம்" என்பர். இவர் போனதே இல்லை. ஆதலால் இவர் கருத்தில் அனுபவத்தின் களங்கம் சிறிதும் இல்லை என்பதை நடுநிலையோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

இவ்விரு பள்ளிகளுக்கும் கல்யாணப் பந்திகளில் நடந்துவந்த வாதம் பாயசம் வரும்போதெல்லாம் நின்றுபோவதால் முடிவு எட்டப்படவில்லை. அக்குறையை நீக்கவே நான் நான்கு முறை களப்பணி மேற்கொண்டேன். உடன் வந்தவள் என் மனைவி. நாகர்கோவில் அவள் பிறந்த ஊர் என்பதால் ஆய்வின் நடுநிலை குறித்து ஐயம் எழலாம். எனக்கும் எழுந்தது, வெளியே சொல்லவில்லை.

முதலில் நூற்சான்று. தொல்காப்பியப் பாயிரம் தமிழகத்தின் தென்னெல்லையாகக் குமரியைச் சொல்கிறது. சொல்பவர் பனம்பாரனார். அவர் எல்லை இது என்றாரே அன்றி, விடுமுறைக்கு அங்கே போய் வாருங்கள் என்று ஓரெழுத்தும் சொல்லவில்லை என்பது நோக்கத்தக்கது. பாயிரக் குமரி ஆறா, கடலா என்று உரைகாரர்கள் மோதிக்கொள்கிறார்கள். அது நமக்கு வேண்டாம். ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'எரித்திரையக் கடற்செலவு' குமரியில் ஒரு துறைமுகம் இருந்ததையும், வாழ்நாள் முழுக்க விரதம் காக்க விரும்பியவர்கள் அங்கே வந்து நீராடித் தங்கியதையும் குறித்து வைத்திருக்கிறது. குமரிக்குச் சுற்றுலாப் போக்கு பழையது என்பதற்கு இது சான்று. அக்காலத்தவர் போனால் திரும்புவதில்லை என்பதும் தெரிகிறது. நமக்கு ஞாயிறு ராத்திரி ரயில்.

அடுத்து, 'முக்கடல் சங்கமம்' என்னும் வழக்கு. வங்காள விரிகுடா, அரபிக்கடல், இந்தியப் பெருங்கடல் மூன்றும் ஒரே இடத்தில் கலக்கின்றன என்பதுதான் இத்தலத்தின் முதல் பெருமை. பன்னாட்டு நீரளவியல் அமைப்பு 1953-இல் கடல்களின் எல்லையை வரையறுத்து ஒரு நூல் வெளியிட்டது. அதன்படி வங்காள விரிகுடா இராமர் பாலத்துக்கு அந்தப்பக்கமே நின்றுவிடுகிறது. அரபிக்கடல் இலட்சத்தீவுக்கு மேற்கே ஒதுங்கிக்கொள்கிறது. இந்தியப் பெருங்கடலோ, இலங்கையின் தேவேந்திரமுனைக்கும் மாலத்தீவின் தென்கோடிக்கும் இழுத்த கோட்டுக்குத் தெற்கேதான் ஆரம்பம். ஆக, குமரியில் நம் காலை நனைப்பது ஒரே கடல். அதன் பேர் இலட்சத்தீவுக் கடல்.

இத்தரவை என் அம்மாவிடம் சமர்ப்பித்தேன். அவள் அப்போது படித்துறையில் மூன்றாம் முழுக்கில் இருந்தாள். முதல் முழுக்கு ஒரு கடலுக்கு, இரண்டாவது இன்னொன்றுக்கு. தலையைத் துவட்டிக்கொண்டே, "அந்தப் பொஸ்தகம் எழுதுனவன் இங்க குளிச்சிருக்கானா?" என்றாள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் கடல்நீர் மொண்டு, மூடியை இறுக்கித் திருகி, "மூணும் இதுல இருக்கு, கவுத்துராத" என்று என் கையில் கொடுத்தாள். நூற்சான்றும் காட்சிச் சான்றும் முரணும்போது பாட்டில் யாரிடம் இருக்கிறதோ அவர் பக்கம் தீர்ப்பு என்பது என் துணிபு.

இனிச் சூரியன். ஒரே ஊரில் நின்று கடலிலிருந்து உதயத்தையும் கடலுக்குள் அஸ்தமனத்தையும் காணலாம் என்பது இத்தலத்தின் இரண்டாம் பெருமை. உதயத்துக்கு ஆண்டு முழுதும் கடல் உண்டு. அஸ்தமனம் அப்படியன்று. முனையிலிருந்து கரை மேற்கே போகப் போகச் சற்று வடக்கே ஏறுகிறது. சூரியனோ மே, ஜூனில் அதைவிட வடக்கே சாய்கிறான். ஆகவே கோடை விடுமுறைக்காரர்களுக்கு அவன் கடலில் விழாமல் கரைப்பக்கத்துத் தென்னைகளுக்குள் இறங்கிவிடுகிறான். ஐப்பசி முதல் மாசி வரை கேட்டால் கடலில் விழுவான். ஆனால் ஐப்பசி கார்த்திகை மழைக்காலம். இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் தை ஒன்றுதான் மிஞ்சும். தையில் பள்ளிக்கூடம் உண்டு. சித்திரைப் பௌர்ணமியன்று ஒரு பக்கம் சூரியன் இறங்க மறுபக்கம் நிலா ஏறும் காட்சியும் சொல்லப்படுகிறது. அன்றைக்கு ரூம் கிடைத்தவர்களை நான் இதுவரை சந்தித்ததில்லை.

உதயம் பார்க்கும் சடங்கைச் சற்று விரித்துரைக்க வேண்டும். காலை ஐந்து மணிக்கு லாட்ஜ் பையன் கதவை உடைக்காத குறையாகத் தட்டுவான். "சார், சன்ரைஸ்!" அவன் குரலைக் கேட்டால் சூரியன் கீழே ரிசப்ஷனில் உட்கார்ந்திருப்பதாகத்தான் தோன்றும். மொட்டை மாடிக்குப் போனால் ஏழெட்டு மாநிலத்து ஜனம் லாட்ஜ் போர்வையைத் தோளில் சுற்றிக்கொண்டு தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றுகொண்டிருக்கும். பேச்சு இராது. பல் விளக்காதவர்கள் பேசுவதில்லை. கிழக்கே ஒரு சிவப்புப் புள்ளி தெரியும், "அதோ!" என்று ஒருவர் கத்த, நாற்பது செல்போன்கள் உயரும். புள்ளி மெல்ல இடப்பக்கம் நகரும். மீன்பிடிப் படகின் விளக்கு. செல்போன்கள் இறங்கும். டீக்காரர் ஒருவர் தூக்குக் கேனோடு எங்கள் நடுவே வந்து, அடிவானத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "இன்னைக்கு மேகம் கெடக்கு. வர மாட்டாரு பாத்துக்கிடுங்க. டீ குடிங்க" என்றார். அவர் சொன்னபடிதான் நடந்தது. ஆறே முக்காலுக்கு, மேகத்துக்கு மேலே இரண்டு பனை உயரத்தில், வெள்ளையாக, எந்த ஊரிலும் வருவது போல ஒரு சூரியன் வந்தது. கூட்டம் கைதட்டியது. ஏன் தட்டினோம் என்று யாருக்கும் தெரியாது. ஐந்து மணிக்கு எழுந்ததற்கு யாரையாவது பாராட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நான்கு களப்பயணத்தில் மூன்று இவ்வகை. நான்காவதைப் பின்னே சொல்வேன்.

மூன்றாவது, கட்டடங்கள். குமரியில் எதைக் கட்டினாலும் கணக்கோடுதான் கட்டுவார்கள். வள்ளுவர் சிலை 133 அடி. திருக்குறள் அதிகாரம் 133. பீடம் 38 அடி, அறத்துப்பால் அதிகாரம் 38. அதன்மேல் சிலை 95 அடி, பொருளும் இன்பமும் சேர்ந்து 95. கணபதி ஸ்தபதி வடித்த இச்சிலை 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. கரையில் உள்ள காந்தி மண்டபம் 79 அடி. அவருடைய வயதைக் கணக்கிட்டுக் கட்டியது. அக்டோபர் 2 அன்று நண்பகலில், அஸ்தி வைத்திருந்த இடத்தில் கூரைத்துளை வழியே வெயில் விழும்படி அமைத்திருக்கிறார்கள். குமரிமுனையில் நேரம் குறித்துக்கொண்டு வரும் சூரியன் இது ஒன்றே. அதற்கும் மேகம் உண்டு.

விவேகானந்தர் பாறைக்கும் சிலைக்கும் படகில்தான் போக வேண்டும். 1892 டிசம்பரில் விவேகானந்தர் இப்பாறைக்கு நீந்தியே போனதாகச் சொல்வார்கள். அதற்கு ஆன்மிகக் காரணம் மட்டுமே காட்டிவந்த முந்தைய ஆய்வாளர்கள், மே மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் படகு வரிசையில் நின்றிராதவர்கள் என்பது வெளிப்படை. 1970-இல் பாறையில் நினைவு மண்டபம் திறந்தார்கள். கடல் கொஞ்சம் சிணுங்கினாலும் பாறைக்குப் போகும் படகு சிலைக்குப் போகாது. வள்ளுவரை எட்ட நின்று கும்பிட்டுத் திரும்பியவர்கள் அனேகம். 2024 டிசம்பர் கடைசியில் இரண்டுக்கும் நடுவே 77 மீட்டர் நீளத்தில் கண்ணாடிப் பாலம் திறந்த பின் அந்த மனக்குறை தீர்ந்தது. பாலத்தில் நடக்கையில் பாதிப்பேர் கீழே கடலைப் பார்ப்பதில்லை, பக்கத்தில் வருபவர் தோளைப் பிடித்துக்கொண்டு வள்ளுவரையே பார்க்கிறார்கள். பயத்தில் பிறக்கும் பக்தி என்று இதை வகைப்படுத்தலாம்.

இவற்றின் பயனை அளக்க ஓர் அளவை வேண்டுமல்லவா? பார்த்த நிமிடங்களைக் காத்த நிமிடங்களால் வகுத்தால் வருவதைக் 'காண்பயன்' என்று பெயரிட்டேன். உதயத்துக்குக் காத்தது 75 நிமிடம், பார்த்தது சுழியம், காண்பயன் சுழியம். பாறைக்குக் காத்தது 110 நிமிடம், பார்த்தது 40, அரைக்கும் கீழே. நாகர்கோவில் சந்தையில் மட்டிப்பழத்துக்குக் காத்தது சுழியம். சுழியத்தால் வகுக்கக் கூடாது என்பது கணக்கு வாத்தியார் கட்டளை. ஆகவே மட்டிப்பழம் அளவைக்குள் அடங்காதது.

இங்கேதான் ஆய்வு திசை மாறியது. விரல் தடிமனில், மெல்லிய தோலோடு, உரித்தால் அறையெல்லாம் மணக்கும் அந்தப் பழம் குமரி மாவட்டத்தை விட்டு வெளியே அதிகம் போவதில்லை. கைக்குழந்தைக்கு முதலில் ஊட்டும் பழம் இது. 2023-இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். ஆனால் மட்டிப்பழம் தின்னக் கன்னியாகுமரி போகிறேன் என்று யாரும் லீவு லெட்டர் எழுதுவதில்லை. முனையைக் காட்டித்தான் லீவு வாங்க வேண்டியிருக்கிறது.

முனைக்குப் பின்னால் இருப்பவற்றின் கதை எல்லாம் இப்படித்தான். தக்கலைப் பக்கத்துப் பத்மநாபபுரம் கொட்டாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு மண்ணில் நின்றாலும் அதைப் பராமரிப்பது கேரள அரசு. 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூரின் தென்தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தபோது, மண் இந்தப்பக்கமும் அரண்மனை அந்தப்பக்கமுமாகப் பாகம் பிரிந்தது. திங்கட்கிழமை விடுமுறை, நாங்கள் முதலில் போனது திங்கட்கிழமை. மறுமுறை உள்ளே போனோம். வாசல் பூமுகத்தில் சங்கிலியில் ஒரு குதிரைவீரன் விளக்கு தொங்குகிறது. எந்தத் திக்கில் திருப்பி விட்டாலும் அந்தத் திக்கிலேயே நிற்கும். ஊட்டுப்புரையில் ஊறுகாய்க்குச் சீனத்து ஜாடிகள், ஆள் ஒளியலாம் போல. வெளியே நெருப்பாய் எரியும் வெயில் மரத்தாலான அந்த அறைகளுக்குள் நுழையும்போது தானாகவே குரலைத் தாழ்த்திக்கொள்கிறது. கறுத்து வழவழத்த தரையில் செருப்பில்லாமல் நடந்துகொண்டே இருந்தோம். மணி பார்க்கத் தோன்றவில்லை. காண்பயன் கணக்கிட மறந்தேன்.

மாத்தூர் தொட்டிப்பாலத்தில் பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் இன்னோர் ஆறு நடந்து போகிறது. 28 தூண்கள் அதைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. தண்ணீரை ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு நடத்திக்கொண்டு போக யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள்; அதற்கு அதிகாரக் கணக்கு ஏதும் கிடையாது, வயலுக்கு நீர் போனால் சரி. முட்டம் பாறைகளை நாம் பாரதிராஜா படங்களில் முன்பே பார்த்துவிட்டோம். இன்னும் ஆரல்வாய்மொழிக் கணவாய் உண்டு. காற்றாலைகள் சுற்ற, மலை இரண்டாகப் பிளந்து ரயிலுக்கு வழிவிடும் இடம். சென்னை ரயில் அதைக் கடப்பது விடியற்காலையில். பெட்டி முழுக்கத் தூங்கிக்கொண்டிருக்கும். பயணிகள் கண் விழிப்பது கடைசி ஸ்டேஷனில், தண்டவாளம் ஒரு முட்டுக்கட்டையில் முடியுமிடத்தில். அங்கே இறங்கி, "எங்கேப்பா கன்னியாகுமரி?" என்று கேட்பார்கள்.

அற்றேல், முனை போகத்தகாதது, பின்னிலமே தகுவது எனக் கொள்ளலாமோ எனின், அஃதன்று. கொள்ளவிடாமல் தடுத்தது நான்காம் களப்பயணம்.

அதற்கு முன் ஒரு பழங்கதை. குமரியம்மனை மணக்கச் சுசீந்திரத்திலிருந்து தாணுமாலயன் ராத்திரியிலேயே புறப்பட்டார். முகூர்த்தம் விடியுமுன். அம்மன் கன்னியாகவே இருந்தால்தான் பாணாசுரன் சாவான் என்பதால், நாரதர் சேவலாகி வழியில் கூவினார். விடிந்துவிட்டது, முகூர்த்தம் போயிற்று என்று எண்ணி, வழுக்கும்பாறையோடு மாப்பிள்ளை திரும்பிவிட்டார். கல்யாணத்துக்கு வைத்த அரிசியும் பருப்பும் கரையில் இறைந்து, இன்றைக்குப் பொட்டலம் கட்டி விற்கும் வண்ண மணல் ஆயிற்று. ஆய்வு நோக்கில், குமரிக்குப் போகலாமா என்று யோசித்துப் பாதி வழியில் திரும்பிய முதல் பயணி இவரே.

நான்காம் முறை நாகர்கோவிலில் மச்சினன் வீட்டில் தங்கினோம். அவன் பிள்ளைகளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு நாலே முக்காலுக்கே கிளம்பிவிட்டான். நாங்கள் பின்னால் ஆட்டோவில். சுசீந்திரம் தாண்டியதும் தூறல் பிடித்தது. கிழக்கே ஒரே கறுப்பு. வழுக்கும்பாறையில் ஆட்டோக்காரர் கண்ணாடியைத் துடைக்க நிறுத்தினார். ரோட்டோரத்து வீட்டில் ஒரு சேவல் கூவிற்று.

"ஏங்க, விடிஞ்சிருச்சுபோல. இந்த மேகத்துல எங்க தெரியப்போகுது?" என்றாள் மனைவி. மூன்று களப்பயணத் தரவும் அவள் பக்கமே இருந்தது. ஆட்டோவைத் திருப்பச் சொன்னேன். சுசீந்திரத்தில் குளத்தங்கரைக் கடையில் இட்லி ஆவி பறந்துகொண்டிருந்தது. இரண்டாவது இட்லியைப் பிட்டபோது போன் அடித்தது.

"அத்தான், எங்க நிக்கிறீங்க? இங்க மேகம் அப்படியே விலகிட்டு. தண்ணிக்குள்ள இருந்து முழுசா வந்துட்டு அத்தான், இப்படி நான் பொறந்ததுல இருந்து பாத்ததில்ல. அக்காகிட்ட போனைக் குடுங்க."

கொடுத்தேன். அவள் வாங்கவில்லை. சட்னி வாளியோடு வந்தவரைப் பார்த்து, "இங்க இன்னும் ரெண்டு வைங்க" என்றாள்.