தண்டவாளமும் தலைவர்களும்

கேள்வி: ஏனுங்க, நம்ம எம்.பி.க்கள் நெனைச்சா கோயமுத்தூர்ப் பக்கம் ரயில் வசதி பெருகிருமுங்களா? (பொள்ளாச்சி வாசகர்)

பதில்: பெருகின கதை உண்டுங்க. கோவை வெகுகாலம் கேரளத்தின் பாலக்காடு ரயில்வே கோட்டத்தில் இருந்தது; வருமானம் இங்கே, முடிவு அங்கே. கோவையையும் சேர்த்துச் சேலத்துக்குத் தனிக் கோட்டம் வேண்டுமென்று கட்சி பேதமில்லாமல் கேட்டார்கள். கேரளம் எதிர்த்தது. தமிழகத்தின் ஆர். வேலு ரயில்வே இணை அமைச்சராக இருந்தபோது, 2007 நவம்பர் 1-ஆம் தேதி கோட்டம் பிறந்தது. அது கேரளம் பிறந்த நாளும்கூட! நாள் குறித்தவருக்குக் குறும்பு அதிகம்.

கவனிக்க ஆளில்லாவிட்டால்? போத்தனூர்–பொள்ளாச்சி சுமார் 40 கி.மீ.தான். அகலப்பாதையாக்க 2009-இல் மூடினார்கள். ரயில் திரும்பியது 2017-இல். மூடிய வருடம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை எட்டாவதே முடித்துவிட்டது!

ஆகவே, ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் புது ரயில் கேட்காதீர்கள். கொடியசைக்க எல்லோரும் வருவார்கள். "நம்ம பாதைக்குப் போன பட்ஜெட்டில் எவ்வளவு ஒதுக்கினாங்க, எவ்வளவு செலவாச்சுங்க?" என்று கேளுங்கள். யோசிக்காமல் பதில் சொல்பவருக்கே உங்கள் ஓட்டு.