பட்டன் போனுக்கு ஆயுசு கெட்டி

கே: பரணை ஒழித்தபோது அப்பாவின் நோக்கியா 1100 கிடைத்தது. எந்தப் பட்டனை அமுக்கினாலும் அசைவில்லை. பிழைக்குமா?
– ஒரு வாசகர், கச்சிராயபாளையம்

ப: பெரும்பாலும் பிழைக்கும். செத்திருப்பது பேட்டரியாகத்தான் இருக்கும். அதைக் கழற்றி மேசைமேல் படுக்கவைத்து ஒரு சுண்டு சுண்டுங்கள். பம்பரமாகச் சுற்றினால் வயிறு உப்பிவிட்டது. சார்ஜ் போட்டு வைத்தியம் பார்க்க வேண்டாம், தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். பிஎல்-5சி என்று கேளுங்கள். போன் ஒழிந்தாலும் அந்த பேட்டரி ஒழியவில்லை. சாமி பாட்டுப் பெட்டியும் கையடக்க எஃப்எம் ரேடியோவும் அதைத் தத்தெடுத்துக்கொண்டன. (2007-ல் இதே பிஎல்-5சி வெடிக்கும் என்று ஊரே நடுங்கியது நினைவிருக்கிறதா? மட்சுஷிடா செய்த 4.6 கோடி பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது சூடாகலாம் என்று நோக்கியாவே அறிவித்தது. டீக்கடையில் ஆளாளுக்கு போனின் முதுகைக் கழற்றி நம்பர் படித்துக்கொண்டிருந்தார்கள்.)

பேட்டரி வைக்கும் இடத்திலுள்ள உலோக முனைகளைப் பென்சில் ரப்பரால் தேயுங்கள். சார்ஜர் பெரிய பின் உள்ளதாக இருக்கட்டும். சின்ன பின் பிறகு வந்த மாடல்களுக்கு. கோடு கேட்டால் 12345. உங்கள் அப்பா அதை மாற்றியிருந்தால் உங்கள் பிறந்த தேதியையும் போட்டுப் பாருங்கள்.

கே: எங்கள் பழைய நோக்கியா 1100-ம் பிழைத்துவிட்டது. சிம் போட்டால் சிக்னல் இல்லை. கோளாறு போனிலா, எங்கள் மலையிலா?
– ஒரு வாசகர், வெள்ளிமலை

ப: கல்வராயன் மலைமேல் பழி போடுவதற்கு முன், எந்த சிம் என்று பாருங்கள். ஜியோவாக இருந்தால் வெள்ளிமலையிலும் வராது, சென்னை மவுண்ட் ரோட்டிலும் வராது. 2016-ல் பிறக்கும்போதே 4ஜியோடு பிறந்த கம்பெனி அது. உங்கள் போனுக்குத் தெரிந்த ஒரே பாஷை 2ஜி. பிஎஸ்என்எல், ஏர்டெல் சிம் போட்டுப் பாருங்கள். இப்போதைய பொடி சிம்முக்கு ஒரு பிளாஸ்டிக் சட்டம் வேண்டும், கடையில் கேட்டால் மேசை டிராயரைத் துழாவி எடுத்துத் தருவார்கள். அப்படியும் வரவில்லையென்றால் சரி, மலையைத் திட்டிக்கொள்ளுங்கள்.

கே: 501 ரூபாய்க்கு வாங்கிய ரிலையன்ஸ் போனுக்கும் உயிர் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, சின்னசேலம்

ப: விளக்கு எரியும், பேச்சு வராது. 2003-ல் 501 ரூபாய் கட்டினால் போன் கையில் என்று வீட்டு வாசல் வரை வந்து கொடுத்தார்களே, அது சிடிஎம்ஏ ரகம். சிம் கிடையாது, கம்பெனியே கதி. அந்த டவர்கள் அணைந்து வருஷங்களாகிவிட்டன. கடிகாரமாகவாவது வைத்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அந்த ரகத்தில் பல போன்களுக்கு மணி என்னவென்று டவர்தான் சொல்ல வேண்டும். பேப்பர் வெயிட்டாக நன்றாக உழைக்கும்.

கே: ஏர்செல் சிம் ஒன்றைத் தூக்கிப் போட மனமில்லாமல் வைத்திருக்கிறேன். பைத்தியக்காரத்தனமா?
– ஒரு வாசகர், சங்கராபுரம்

ப: இந்த வாரத்தின் ஒரே புத்திசாலி நீங்கள்தான். 1999-ல் தொடங்கி, தமிழ்நாட்டில் கொடிகட்டிப் பறந்த கம்பெனி. 2018 பிப்ரவரியில் சிக்னல் ஊர் ஊராக மறைய, நம்பரையாவது காப்பாற்றிக்கொள்ள ஜனங்கள் மொட்டை மாடியில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். மாதக் கடைசியில் திவால் மனு.

அந்த சிம்மில் இனிப் பேச முடியாது. ஆனால் பெயர்களைப் படிக்க டவர் தேவையில்லை. அப்போதெல்லாம் பெயர்களை சிம்மில்தான் ஏற்றுவோம், ஒரு 250 பெயர் கொள்ளும். பழைய போனில் போட்டு, மேலிருந்து கீழே மெதுவாக ஓட்டுங்கள். ‘பால்’, ‘பால் புதுசு’, ‘கரும்பு வெட்டு’, ‘மோட்டார் காயில்’, ‘கரியாலூர் மா’ (மாமாவில் பாதி, இடம் போதவில்லை), ‘எடுக்காதே’, ‘எடுக்காதே 2’. யாரிடம் கடன், யாரோடு சண்டை, எந்தப் பால்காரர் தண்ணீர் ஊற்றினார் என்று ஒரு குடும்பத்தின் சரித்திரமே வரும். இதை எந்த ஆல்பத்திலும் யாரும் ஒட்டிவைக்கவில்லை. இன்றைய போனால் ஒவ்வொரு திரையையும் படமெடுத்து வையுங்கள். போனிலேயே இருக்கும் குறுஞ்செய்திகளையும் அப்படியே. டயல் செய்து மட்டும் பார்க்காதீர்கள். நம்பர்கள் கைமாறியிருக்கும், கரியாலூர் மாமாவை அழைத்தால் யாரோ ஒருவர் எடுத்து, கடன் வேண்டாம் என்று வைத்துவிடுவார்.

கே: என் அக்கா ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவில் வேலை பார்த்தாள். எங்கள் வீட்டு போன் அவள் கை பட்டதாக இருக்குமோ?
– ஒரு வாசகி, உளுந்தூர்பேட்டை

ப: பேட்டரிக்கு அடியில் இருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். ‘மேட் இன் இந்தியா’ என்றிருந்தால் ஸ்ரீபெரும்புதூர்தான். நோக்கியாவுக்கு இந்தியாவில் வேறு போன் தொழிற்சாலை இருக்கவில்லை. 2006-ல் உற்பத்தி தொடங்கியது. ஆயிரக்கணக்கான பேர், பெரும்பாலும் உங்கள் அக்கா வயசுப் பெண்கள், கம்பெனி பஸ்ஸில் போய் ஷிப்டு பார்த்தார்கள். பிறகு வரித் தகராறு. 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் போன் தொழிலை வாங்கியபோது இந்த ஆலையை விட்டுவிட்டு வாங்கியது. அதே வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி வேலை நின்றது. அப்புறம் அந்த இடத்தை வாங்கியது யார் தெரியுமா? சால்காம்ப் என்ற சார்ஜர் கம்பெனி. உலகம் முழுக்க போன் தொலைந்தாலும் சார்ஜர் மட்டும் வீட்டில் கிடக்கிற வழக்கத்தை ஒரு தொழிற்சாலையே கடைப்பிடித்திருக்கிறது.

அக்காவிடம் அந்த போனைக் கையில் கொடுத்துப் பாருங்கள். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள் என்று நினைக்கிறேன். சம்பளம், ஹாஸ்டல் சாப்பாடு, கடைசி நாள் எல்லாம் வரும். அதை ரெக்கார்டு செய்ய மட்டும் புது போனைப் பயன்படுத்துங்கள்.

கே: பழைய 1100-க்கு லட்சக்கணக்கில் தருகிறார்களாமே?
– ஒரு வாசகர், தியாகதுருகம்

ப: இரிடியம் கலசத்தோடு சேர்த்து விற்பதாக உத்தேசமா? புரளிக்கு ஒரு வேர் உண்டு. 2009-ல், ஜெர்மனியின் போகும் நகரத்து ஆலையில் செய்த 1100-ஐ வைத்து வங்கி ரகசிய எண்களைத் திருடலாம் என்று நம்பி, ஒரு போனுக்கு 25,000 யூரோ வரை கொடுக்க ஆள் இருந்ததாகச் செய்தி வந்தது. அப்படி எந்த ஓட்டையும் தங்களுக்குத் தெரியவில்லை என்றது நோக்கியா. உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற சாமான் அரிய பொருள் ஆகாது. “முன்பணம் கட்டுங்கள்” என்று எவனாவது சொன்னால் அந்த போனின் டார்ச்சை அவன் முகத்தில் அடியுங்கள்.

கே: நாலு ஸ்பீக்கர் வைத்த சைனா போனும் இந்த ஞாபகப் பட்டியலில் வருமா?
– ஒரு வாசகர், திருக்கோவிலூர்

ப: வரும், பக்கத்து வீட்டாரின் ஞாபகத்தில். பதினைந்து இலக்க ஐஎம்இஐ எண் இல்லாதவற்றை 2009 கடைசியில் அரசே வாயடைத்தது. உங்களுடையதில் இருக்கிறதா என்று *#06# அமுக்கிப் பாருங்கள்.

கே: என் வீட்டுக்காரர் அலமாரி நிறைய பழைய போன் சேர்க்கிறார். சேலை வைக்க இடமில்லை.
– ஒரு வாசகி, கள்ளக்குறிச்சி

ப: பேட்டரிகளைக் கழற்றித் தனியே வைக்கச் சொல்லுங்கள்; உள்ளேயே விட்டால் உப்பி, மூடியைத் தள்ளி, போனையே கெடுக்கும். பிறகு ஒரு சட்டம் போடுங்கள்: வீட்டில் யாராவது பேசிய போன் மட்டும் தங்கலாம், ஆன்லைனில் காசு கொடுத்து வாங்கிய அனாதைகளுக்கு இடமில்லை. ஊரான் வீட்டு போனில் நமக்கு என்ன ஞாபகம்?

கே: பாம்பு விளையாட்டில் என் பழைய ஸ்கோர் இன்னும் இருக்குமா?
– ஒரு வாசகர், மூங்கில்துறைப்பட்டு

ப: பேட்டரியைக் கழற்றினால் போன் தேதியையும் மணியையும்தான் மறக்கும், ஸ்கோர் உள்ளேயே இருக்கும். 1997-ல் தனேலி அர்மாந்தோ என்ற பின்லாந்துக்காரர் நோக்கியா 6110-க்காக எழுதிய பாம்பின் வம்சம் அது. உங்கள் மகன் கையில் கொடுப்பதற்கு முன் ஸ்கோரைப் படமெடுத்துவிடுங்கள். அரை மணி நேரத்தில் முறியடித்துவிட்டு, “இவ்வளவுதானாப்பா?” என்பான்.