பாதுகாப்புப் பட்டாபிஷேகம்

அயோத்தியில் ஒரு ஜோடி பாதுகை 14 வருஷம் ராஜ்ஜியம் நடத்தியது. அமெரிக்க விமான நிலையங்களில் ஒரு ஜோடி ஷூ 19 வருஷம் நடத்தியது. முன்னதைச் சுமக்க பரதன் ஒருவர் போதும். பின்னதை பிளாஸ்டிக் டிரேயில் ஏந்திக்கொண்டு பயபக்தியோடு வரிசையில் நகர, ஆளுக்கு ஆள் பரதனாக வேண்டியிருந்தது. 'பாதுகாப்பு' என்ற சொல்லுக்குள்ளேயே 'பாதுகா' ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்த அன்று எனக்கே புல்லரித்தது. நம் முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை என்று வாட்ஸ்அப்பில் தட்டிவிடலாம்.

இந்தப் புராணம் 2001-ல் தொடங்குவதாகச் சொல்வார்கள். தப்பு. 1920-ல், பாஸ்டனில், ஷூ வியாபாரிகள் மாநாட்டில் தொடங்குகிறது. ஜேக்கப் லோ என்ற டாக்டர் அங்கே ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். ஷூ போட்ட காலை அடியில் நுழைத்தால் மேலே எலும்பு தெரியும். எக்ஸ்ரே! ஷூ அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் இத்தனை ஆர்ப்பாட்டம். அடுத்த முப்பது வருஷம் அமெரிக்க ஷூ கடைகளில் இதுதான் மவுசு. பெட்டியின் தலையில் மூன்று துளைகள்: பிள்ளைக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, சேல்ஸ்மேனுக்கு ஒன்று. பிள்ளை கால்விரலை ஆட்டி ஆட்டித் தன் எலும்பைத் தானே வேடிக்கை பார்க்கும். கதிர்வீச்சு கசிகிறதே என்று உறைக்கச் சாவகாசமாகக் காலம் பிடித்தது. 1957-ல் பென்சில்வேனியா மாகாணம் முதல் தடையைப் போட்டது. காலோடு சேர்த்து ஷூவை எக்ஸ்ரே எடுக்கக் கூடாது என்று ஒருவழியாகப் புத்தி வந்தது. காலை விட்டுவிட்டு ஷூவை மட்டும் எடுக்கலாமே என்ற ஞானத்துக்கு இன்னும் அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த நாட்களில் அமெரிக்காவில் விமானம் ஏறுவது டவுன் பஸ் ஏறுவது மாதிரிதான். 1971 நவம்பர் 24 அன்று போர்ட்லண்டில் ஒருத்தர் கோட்டும் டையுமாக, காலில் லோஃபர் ஷூவோடு விமானம் ஏறினார். டிக்கெட்டில் பெயர் டான் கூப்பர். கையில் இருந்தது வெடிகுண்டு என்று சொல்லி, சியாட்டிலில் 2,00,000 டாலரையும் நாலு பாராசூட்டையும் வாங்கிக்கொண்டு, பயணிகளை இறக்கிவிட்டு, மறுபடியும் பறக்கச் சொல்லி, ராத்திரி மழையில் விமானத்தின் பின்படி வழியாகக் குதித்துவிட்டார். இன்றுவரை ஆள் யாரென்று தெரியாது. அந்த லோஃபர் பாதி வழியிலேயே கழன்றிருக்கும் என்பது என் அனுமானம். நம் ஊரில் அப்பாக்கள் பையனைத் திட்டும் அதே 'லோஃபர்'தான் இது. வேலைவெட்டி இல்லாதவன் மாட்டிக்கொண்டு திரிகிற ஷூ. கூப்பரும் அவரைப் பார்த்துக் கிளம்பிய மற்ற லோஃபர்களும் செய்த புண்ணியத்தில், 1973 ஜனவரி முதல் அமெரிக்காவில் எல்லாப் பயணிக்கும் சோதனை வந்தது. ஷூ மட்டும் தப்பித்தது.

இப்போது நம் கதாநாயகன். 2001 டிசம்பர் 21, பாரிஸ் விமான நிலையம். ரிச்சர்ட் ரீட், ஆறடி நாலங்குலம். டிக்கெட்டுக்கு ரொக்கம் கட்டியிருக்கிறான். அட்லாண்டிக்கைத் தாண்டி மயாமிக்குப் போகிறவனிடம் செக்-இன் செய்ய ஒரு பெட்டி கிடையாது. மாமியார் வீட்டுக்கு ஒரு நாள் போகிறவன்கூட ரெண்டு பை வைத்திருப்பான். போலீசுக்குச் சந்தேகம் வந்து, உட்காரவைத்துக் குடைந்தார்கள். அவனைப் பார்த்தார்கள், காகிதங்களைப் பார்த்தார்கள். ஷூவைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார்கள். அதற்குள் விமானம் போய்விட்டது. ஓட்டலில் ராத்திரி தங்கி, மறுநாள் அதே ஷூவோடு வந்தான். ஏற்றிவிட்டார்கள்.

அந்த ஒரு நாள்தான் காப்பாற்றியது. வெடிமருந்து வைத்த ஷூவோடு அலைந்ததில் வியர்வையும் ஈரமும் ஏறித் திரி நமுத்துப்போயிருந்தது. கடலுக்கு மேலே குச்சியைக் கிழிக்கிறான், பற்றவில்லை. தீபாவளிக்கு மழை பிடித்தால் நம் வீட்டு லட்சுமி வெடிக்கு நேர்கிற அதே கதி. புகை வாசனை வரவே பணிப்பெண் வந்து, இங்கே சிகரெட் பிடிக்கக் கூடாது என்றார். சரி என்று தலையாட்டினான். திரும்பி வந்து பார்த்தால் ஷூ மடியில், ஷூவிலிருந்து திரி, கையில் எரிகிற குச்சி. அப்புறம் தர்ம அடி. தடுக்க வந்த இன்னொரு பணிப்பெண்ணின் கையைக் கடித்துவைத்தான். பயணிகள் பெல்ட், ஹெட்போன் ஒயர் என்று கிடைத்ததை வைத்துக் கட்டிப்போட்டார்கள். உள்ளே இருந்த டாக்டர் ஒருவர் மயக்கமருந்து கொடுத்தார். போர் விமானங்கள் காவலுக்கு வர, அது போய் இறங்கிய ஊர் எது தெரியுமா? பாஸ்டன். எக்ஸ்ரே பெட்டியை ஷூ வியாபாரிகளுக்குக் காட்டிய அதே ஊர். ரீடுக்கு 2003-ல் ஆயுள் தண்டனை. விமானத்தைக் காப்பாற்றிய கால் வியர்வைக்குத்தான் ஒரு சிலைகூட இல்லை.

இதிலிருந்து அமெரிக்கா படித்த பாடத்தையும் கேளுங்கள். 2005-ல் விமானத்துக்குள் சிகரெட் லைட்டருக்குத் தடை. ரீட் கொண்டுவந்தது தீக்குச்சி ஆயிற்றே? அட்டைத் தீப்பெட்டி நாலு வரை தாராளமாகக் கொண்டுபோக விட்டார்கள்.

அந்தக் காலத்தில் ஷூவைக் கழற்றுவது கட்டாயம் இல்லை. போட்டுக்கொண்டு நடந்து, உலோகம் கண்டுபிடிக்கும் வாசல் 'கீங்' என்றால் ஓரங்கட்டுவார்கள். ஆபீசுக்குப் போடுகிற நல்ல தோல் ஷூவுக்குள், குதிகாலிலிருந்து பாத வளைவு வரை, விரல் அகலத்தில் ஒரு இரும்புப் பட்டை இருக்கும். அது இல்லாவிட்டால் ஷூ நடுவில் தொய்ந்துவிடும். ரீடின் வெடிமருந்தில் உலோகமே இல்லை, அந்த வாசல் அவனை வாழ்த்தி அனுப்பியிருக்கும். மாட்டியதெல்லாம் காசு போட்டு நல்ல ஷூ வாங்கிய மேனேஜர்கள். உடனே நைலான் பட்டை, ஃபைபர் பட்டை வைத்து, 'ஏர்போர்ட்டில் சத்தம் போடாது' என்று ஷூ விற்க ஆரம்பித்தார்கள்.

2006 ஜூலையில் எனக்கு முதல் ஆன்சைட் வாய்ப்பு, அமெரிக்காவுக்கு. "காந்தம் எடுத்துட்டுப் போய் ஷூ வாங்குடா" என்றார் ஆபீஸ் சீனியர். பழைய ரேடியோ ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தோடு கடைக்குப் போய், ஒவ்வொரு ஷூவாகக் கவிழ்த்து அடியில் வைத்துப் பார்த்தேன்.

"என்ன சார் பண்றீங்க?"

"இரும்பு இருக்கான்னு பாக்குறேன் தம்பி."

"ஒரிஜினல் தோல் சார். இரும்பெல்லாம் கலக்க மாட்டோம்."

காந்தம் டப்பென்று ஒட்டியது. பையன் முகம் வெளுத்துவிட்டது. "அண்ணாச்சி, ஷூவுல காந்தம் ஒட்டுது!"

கல்லாவிலிருந்து அண்ணாச்சி நிமிரவே இல்லை. "ஒட்டுனா நல்லதுதானல, ரெண்டு வருசம் கூட உழைக்கும்."

பதினோராவது ஜோடிதான் ஒட்டவில்லை. வாங்கினேன். ஆகஸ்ட் 10 அன்று, லண்டனில் குளிர்பான பாட்டிலில் வெடிமருந்து கொண்டுபோகச் சதி என்று கண்டுபிடித்ததும், அமெரிக்காவில் எல்லோரும் ஷூவைக் கழற்றியே ஆக வேண்டும் என்று உத்தரவு. குற்றம் பாட்டில் மேல், தண்டனை ஷூவுக்கு. சத்தம் போடாத என் ஷூவும் சத்தம் போடாமல் டிரேயில் போனது. கம்பளத்தின் மேல் நான் நின்றேன். சாக்ஸ் ஓட்டை வழியாக என் கட்டைவிரல் அமெரிக்காவை எட்டிப் பார்த்தது.

காந்த யுகம் முடிந்து கட் ஷூ யுகம் பிறந்தது அப்படித்தான். லேஸ் முடிச்சோடு மல்லாடுகிறவன் பின்னால் நாற்பது பேர் உச்சுக்கொட்டுவார்கள். கால் உதறினால் கழல வேண்டும், நுழைத்தால் ஏற வேண்டும்; கோட் சூட்டுக்குக் கீழேயும் கௌரவமாகத் தெரிய வேண்டும். 'அப் இன் தி ஏர்' படத்தில் ஜார்ஜ் க்ளூனி இதற்கென்றே ஒரு சாஸ்திரம் வைத்திருப்பார்: வரிசையில் ஆசியர்களுக்குப் பின்னால் நில், அவர்கள்தான் கட் ஷூ போடுகிறவர்கள் என்று. கோயில் வாசலில் ஒற்றைக் காலில் நின்று செருப்பை உதறிப் பழகிய இனம் அல்லவா!

2011 செப்டம்பரில் நியூயார்க்கில் இந்த ஷூ சோதனை உச்சத்துக்குப் போனது. அப்துல் கலாம் ஏர் இந்தியா விமானத்தில் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. அதிகாரிகள் கதவைத் திறக்கச் சொல்லி உள்ளே வந்து, அவருடைய கோட்டையும் ஷூவையும் சோதனைக்கு எடுத்துப்போனார்கள். ஏவுகணை விட்டவர், வெடிக்க வேண்டுமென்றால் ஷூவையா நம்புவார்? ஆனாலும் ராமேஸ்வரத்துக்காரரின் பாதுகையை ஏந்திப் போகிற பாக்கியம் எல்லோருக்குமா வாய்க்கும்? அமெரிக்கா பிறகு வருத்தம் தெரிவித்தது. 75 வயது ஆனவர்கள் ஷூவைக் கழற்ற வேண்டாம் என்ற சலுகை 2012-ல் வந்தபோது கலாமுக்கு 80.

சலுகை என்றால் ஸ்பெஷல் தரிசனம் இல்லாமலா? 85 டாலர் கட்டி, கைரேகை கொடுத்து, நல்லவர் என்று பெயர் வாங்கினால் ஐந்து வருஷத்துக்கு ஷூவோடு நடக்கலாம் என்று வைத்தார்கள். தர்ம தரிசனத்துக்காரர்கள் வெறுங்கால். இதற்கெல்லாம் முன்பே, 2009 கிறிஸ்துமஸ் அன்று டெட்ராய்ட் விமானத்தில் ஒருவன் உள்ளாடைக்குள் வெடிமருந்தோடு பிடிபட்டான். அடுத்த உத்தரவு என்னவாக இருக்குமோ என்று உலகமே இடுப்பைப் பிடித்துக்கொண்டது. நல்லவேளையாக ஸ்கேனரோடு விட்டார்கள்.

2025 ஜூலை 8 அன்று, இனி ஷூவைக் கழற்ற வேண்டாம் என்று அறிவிப்பு வந்தது. அந்த வருஷக் கடைசியில் போனேன். வரிசை நகர்ந்ததும் பழக்கதோஷத்தில் இரண்டையும் உதறிக் கையில் எடுத்துவிட்டேன். "போட்டுக்கொள்ளுங்கள், யாரும் கேட்கவில்லை" என்றார் அதிகாரி. குனிந்துகூடப் பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் புது சாக்ஸ் போட்டிருந்தேன்.