நாலு புள்ளி ஏழு

இன்று காலை முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது மச்சினன் போன் செய்தான். "வெனிஸ்ல நான் சொன்ன அந்த 4.7 கடைக்குப் போனீங்களா அத்தான்?" முட்டிவலியே அந்தக் கடையால்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் அவன் அக்கா நின்றிருந்தாள். "ம்" என்றேன்.

உண்மையில் சாளை மீனைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். வெனிஸ்காரர்கள் சாளையைப் பொரித்து, வதக்கிய வெங்காயம், வினிகர், உலர்திராட்சையோடு ஊறப்போட்டுச் சாப்பிடுகிறார்கள். நாகர்கோவில்காரனுக்கு இதில் சொல்ல நிறைய இருக்கிறது. அதற்கு முன் இந்த 4.7-ஐ ஒரு வழி பண்ணிவிடுகிறேன்.

நாங்கள் தங்கிய இடத்துக்குக் கீழேயே ஒரு கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் ரொட்டித்துண்டுகள், அவற்றின் மேல் விதவிதமாய் மீன். உள்ளூர்ப் பெரியவர்கள் நின்றபடியே தின்றுகொண்டிருந்தார்கள். மனைவி போனைப் பார்த்து "3.9" என்றாள், ரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்கிற குரலில். 3.9-இல் மனுஷன் சாப்பிடுவானா? நடந்தோம். அடுத்தது 4.2. சீ. அதற்கடுத்தது 4.4, ஆனால் யாரோ 'மேஜை ஆடுகிறது' என்று எழுதியிருந்தார். மேஜையையா தின்னப்போகிறோம் என்றேன், பதிலில்லை. பிறகு ஒரு 4.6 வந்தது. மொத்தம் 38 பேர்தான் நட்சத்திரம் போட்டிருந்தார்கள். 38 பேரும் முதலாளியின் சித்தப்பா பிள்ளைகளாக இருந்தால்? இதைக் கேட்டது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். எனக்குப் பெண் கொடுக்கும் முன் மாமனார் விசாரித்தது என் ஆபீஸ் பியூன் ஒருவரிடம் மட்டும்தான். அந்த ஒற்றை ஆள் போட்ட நட்சத்திரத்தில் 27 வருஷமாகக் குடும்பம் ஓடுகிறது. ஒரு வாய் மீனுக்கு 38 பேர் போதவில்லை.

4.7 கடைக்குப் பதினெட்டே நிமிடம் என்றது போன். அதற்கென்ன, அதற்கு முட்டியா இருக்கிறது? வெனிஸில் பாலங்கள் 400-க்கு மேல், பெரும்பாலானவற்றில் படியேறி இறங்க வேண்டும். ஊருக்குள் கார் கிடையாது, ஆட்டோ கிடையாது, ஆம்புலன்ஸே படகுதான். இரண்டு பேர் உரசிக்கொண்டு போகிற சந்துகளில் போனிலிருந்த நீலப்புள்ளி எங்களை விட்டுவிட்டு வாய்க்காலில் நீந்திக்கொண்டிருந்தது. "நேராகச் செல்லவும்" என்றது. நேராகப் பாசி பிடித்த நாலு படி, அப்புறம் தண்ணீர். கதவு எண்ணைப் பார்க்கலாமென்றால், அங்கே எண் தெருவுக்கு இல்லை, வட்டாரத்துக்கு. கஸ்தெல்லோ வட்டாரத்தில் அது 6,000-ஐத் தாண்டுகிறது. ஒரு சுவரில் ரியால்டோ பாலத்துக்கு வழி என்று வலப்பக்கம் ஓர் அம்புக்குறி, இடப்பக்கம் ஓர் அம்புக்குறி. கடையோ பெருங்கால்வாய்க்கு அக்கரையில். கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர் நீளக் கால்வாய்க்கு மொத்தம் நாலே பாலம்.

போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றேகால். சமையலறையை இரண்டரைக்கே மூடிவிட்டார்களாம். இனி ஏழு மணிக்குத்தான். மேஜைகள் ஆடாமல் இருந்தன.

இருட்டிய பிறகு 3.9-க்கே திரும்பி வந்தோம். அங்கே கருவாடு இருந்தது. நார்வேயில் உப்பில்லாமல் காற்றில் காயவைத்த காட் மீன். குவெரினி என்ற வெனிஸ் வணிகரின் கப்பல் புயலில் சிக்கி, அவர் 1432-இல் நார்வே தீவொன்றில் கரையொதுங்கினார். இந்த மீனை ஊருக்கு அறிமுகப்படுத்தியவர் அவர்தான் என்கிறார்கள். அதை வேகவைத்து, எண்ணெய் விட்டு வெண்ணெய் மாதிரி அடித்து ரொட்டியில் பூசித் தருகிறார்கள். அபார்ட்மெண்டில் நாறும் என்று 11 வருஷமாக எனக்குக் கருவாட்டைத் தடை செய்த அம்மாள் நாலு துண்டு சாப்பிட்டாள். எப்படி என்றேன். "சுமார்" என்றாள். நானும் சாப்பிட்டுப் பார்த்தேன். சரியாக 3.9. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்த மாதம் மச்சினனும் குடும்பத்தோடு வெனிஸ் போகிறானாம். அந்தக் கடையில் எந்நேரம் கூட்டம் இருக்காது என்று கேட்டான். மூன்றேகால் என்று சொல்லியிருக்கிறேன்.