நம்ம விசிலா, எதிர்வீட்டு விசிலா? அடுக்ககச் செவியியல் குறித்து ஓர் ஆய்வு

உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு என நின்று எழுத்தொலியாகப் பிறப்பதைத் தொல்காப்பியர் பிறப்பியலில் நுணுக்கமாக விளக்கியிருக்கிறார். குக்கர் விசிலின் பிறப்பைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை. அந்தக் குறையை நிரப்பும் எளிய முயற்சி இக்கட்டுரை. களம்: மேற்கு மாம்பலத்தில், கையை நீட்டினால் பக்கத்துக் கட்டடத்து ஜன்னல் தட்டுப்படும் ஓர் அடுக்ககம். கருவி: காது, இரண்டு.

விசிலின் இயற்பியல் எளிது. நீராவி அடைபட்டு அழுத்தம் ஏற, 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் ஏறக்குறைய 120 டிகிரி வரை போகிறது. அதற்குமேல் தாங்காமல் ஆவி வெயிட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறது. சமூகவியல்தான் சிக்கல். கையேடு நிமிடக் கணக்கு சொன்னால் சொல்லட்டும். சாதத்துக்கு மூன்று, கொண்டைக்கடலைக்கு ஆறு என்று விசிலாலேயே காலத்தை அளக்கும் குடிகள் இவர்கள். காலை ஏழரைக்கு ஐந்து அடுக்களைகள் சேர்ந்து கூவும் நேரத்தில் கீழ்க்கண்ட உரையாடல் பதிவானது.

"ஏங்க, இப்ப வந்தது நம்ம விசிலா, எதிர்வீட்டு விசிலா?"

"விசில் வந்துச்சா?"

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து வந்த அந்த பதில் அலட்சியம் என்று இல்லத்தரசி கருதுகிறார். அறிவியல் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது. இரைச்சலுக்கு நடுவே ஒரு குரலை மட்டும் காது எப்படிப் பொறுக்கி எடுக்கிறது என்று 1953இல் காலின் செர்ரி ஆராய்ந்தார். கவனிக்காத பக்கத்திலிருந்து வரும் பேச்சில் தன் பெயர் அடிபட்டால் மட்டும் சிலருக்குச் சட்டென்று கேட்டுவிடுகிறது என்று 1959இல் நெவில் மோரே காட்டினார். மேற்படி கணவருக்குப் பெயர்கூட வேண்டியதில்லை. ஆறு விசிலுக்கும் அசையாத அந்தக் காது, உள்ளே யாரோ "காபி" என்று முணுமுணுத்ததும் நிமிர்ந்தது.

நின்றால் மட்டுமே கேட்கும் ஒலிகளும் உண்டு. கனடாவின் ஒலி ஆய்வாளர் மர்ரே ஷாஃபர், ஓர் ஊரின் அடியில் ஓயாமல் ஓடும் ஒலியைச் சுருதிக்கு ஒப்பிட்டார். சென்னைச் சுருதி மின்விசிறியும் ஃபிரிட்ஜும் சேர்ந்தது. கரண்ட் போன நொடியில்தான் இத்தனை நேரம் அது ஓடிக்கொண்டிருந்தது தெரிகிறது. வந்ததும் தெருவே "ஏய்ய்" என்று கத்துகிறதே, அது எந்தத் தாளத்தில் சேரும் என்பது தனி ஆய்வுக்குரியது.

சட்டம் எல்லாக் காதுகளையும் ஒன்றாகவே பாவிக்கிறது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. ஆனால் ஆடி மாதத்தில் நம் தெரு அம்மனுக்குக் கட்டிய குழாய் ஒலிபெருக்கி திருவிழா. அடுத்த தெரு அம்மனுக்குக் கட்டியது சத்தம். இந்த வேறுபாட்டைக் காட்டும் டெசிபல் மீட்டர் இன்னும் கடைக்கு வரவில்லை.

ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் தந்தவரின் குரல், மாடியிலிருந்து யாராவது கூப்பிட்டால் நிற்கும். இன்றைய பழைய இரும்பு வண்டியில் பதிவுசெய்த குரல், வண்டிக்காரர் எடை போட்டு, பேரம் பேசி, காசை எண்ணும்போதும் நிற்காமல் அவரையே கூவி அழைத்துக்கொண்டிருக்கிறது. அவருக்கு அது கேட்பதாகவே தெரியவில்லை.

இரவு பதினொன்றரைக்கு ஒரு கார் பின்னால் வரும்போது போடும் பாட்டு கேட்டது. மூன்று மாடிகளிலும் படுத்தபடியே ஆளை அடையாளம் கண்டார்கள். மறுநாள் காலை லிஃப்டில் ஒரு மாமா, "என்ன சார், நேத்து ரொம்ப லேட்டோ?" என்றார்.

கார்க்காரர் நிஜமாகவே திகைத்தார்.

"உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"